பர்மா கிராமங்களில் ராணுவம் என்ன செய்கிறது? வியாசர்பாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் பாதி வீடு பர்மாவிலிருந்து வந்தவர்களுடையது. 2021 பிப்ரவரிக்குப் பிறகு டீக்கடையிலும், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை பெஞ்சிலும், ரேஷன் கடை வரிசையிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள்: "அங்க என்னதான் நடக்குது?" நின்றபடியே பதில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் கேட்ட கேள்விகளையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ரங்கூன், மாந்தளைச் செய்தி எப்படியாவது நம் காதுக்கு வந்துவிடுகிறது. கிராமத்துச் செய்தி அப்படி வருவதில்லை. ஆகவே பெரும்பாலும் கிராமங்களைப் பற்றியே எழுதுகிறேன். மியான்மர் என்பது இப்போதைய பெயர். எங்கள் வீடுகளில் பர்மா என்றே சொல்லிப் பழகிவிட்டது, இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நாம் கப்பல் ஏறி வந்து அறுபது வருஷம் ஆகிறது. இன்னும் அந்த ஊர்க் கதை நமக்கு எதற்கு?

நம்மைக் கப்பல் ஏற வைத்ததும் இதே ராணுவம்தான். 1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தச் சில ஆண்டுகளில் மட்டும் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடிக்கும் எர்ணாவூருக்கும் வந்தார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் 1969-இல் உருவானதும் அவர்களால்தான்.

எல்லோரும் வந்துவிடவில்லை. பேகு, தட்டோன், மோல்மேன் பக்கம் இன்றும் நிலத்தை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இங்கே வந்து பிழைப்பு சரிப்படாமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அந்த மோரேயிலிருந்து எல்லையைத் தாண்டி டமு ஊருக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் 2022 ஜூலை 5-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவ ஆதரவுப் படையினர் செய்ததாகச் செய்திகள் வந்தன. என் ஆயா இன்றைக்கும் காசை பர்மிய மொழியில்தான் எண்ணுவார். அந்தச் செய்தி வந்த அன்று மாலை அவர் தனக்கா (முகத்தில் பூசும் பர்மிய மரப்பட்டைச் சாந்து) அரைக்கும் கல்லைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, எடுக்கவே மறந்து உட்கார்ந்திருந்தார். சம்பந்தம் என்ன என்று கேட்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

2021-இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி பெரிய வெற்றி பெற்றது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்று காலையில் தளபதி மின் ஆங் லைங் ஆட்சியைக் கைப்பற்றினார். டாக்டர்கள், ஆசிரியர்கள், ரயில் ஊழியர்கள் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு சட்டி பானையைத் தட்டினார்கள். சத்தம் போட்டுக் கெட்டதை விரட்டுவது அங்கே பழைய வழக்கம். போகி அன்று விடியற்காலையில் நம் பிள்ளைகள் மேளம் அடிப்பார்களே, அந்தச் சத்தத்தை ஒரு நாடு முழுவதும் எழுப்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு ராணுவம் சுட ஆரம்பித்தது.

போராட்டம் நகரத்தில்தானே நடந்தது? கிராமத்து ஆட்கள் எப்படி இதில் வந்தார்கள்?

படித்த மனிதர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். கிராமத்துக்கு அரசியல் தெரியாது என்கிற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது.

மொனிவா ஊருக்குப் பக்கத்தில் லெப்பாடவுங் என்கிற செம்புச் சுரங்கம் இருக்கிறது. ஒரு சீன நிறுவனமும் ராணுவத்துக்குச் சொந்தமான நிறுவனமும் கூட்டாக நடத்திய திட்டம். நிலம் போன விவசாயிகள் உட்கார்ந்து போராடினார்கள், துறவிகள் துணைக்கு வந்தார்கள். 2012 நவம்பர் 29 அதிகாலையில் போலீஸ் அவர்கள் மேல் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை வீசியது. துறவிகளின் உடம்பு வெந்து போனது. 2014 டிசம்பர் 22-இல் அதே இடத்தில், தன் நிலத்துக்கு வேலி போடுவதை எதிர்த்த டா கின் வின் என்கிற விவசாயப் பெண்மணியைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவம் பின்வாங்கிவிட்டது, ஜனநாயகம் வந்துகொண்டிருக்கிறது என்று உலகமே பாராட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. யார் ஆட்சியிலும் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று மொனிவா சுற்றுவட்டார மக்களுக்கு 2021-க்கு முன்பே தெரிந்திருந்தது. மொனிவா இருப்பது சகாயிங் பிராந்தியத்தில். பர்மிய பௌத்தப் பெரும்பான்மை மக்களின் ஊர், ராணுவத்துக்கு ஆள் கொடுத்த ஊர். அந்த சகாயிங்கே எதிர்ப்பின் மையமானதைத்தான் ராணுவத்தால் ஜீரணிக்க முடியவில்லை.

கிராமத்தில் அரசியல் ஆள் என்றால் கொடி பிடித்தவர் மட்டும் என்று எண்ண வேண்டாம். வேலைக்குப் போக மறுத்த பள்ளி ஆசிரியை, காயம்பட்டவருக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், மறைந்திருந்தவருக்குச் சோறு கொடுத்த அம்மா, இவர்கள் எல்லோரும் ராணுவத்தின் கணக்கில் ஒன்றுதான்.

"நான்கு வெட்டு" என்று சொல்கிறார்களே, அது என்ன?

இது ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

1960-களில் கரேன் என்கிற சிறுபான்மை இனத்தின் படையையும் கம்யூனிஸ்ட்டுகளையும் ஒழிக்க பர்மிய ராணுவம் வகுத்த முறை இது. எதிராளிக்குக் கிடைக்கும் சாப்பாடு, பணம், தகவல், ஆள் ஆகிய நான்கையும் வெட்டிவிடு. கேட்பதற்கு வெறும் ராணுவக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் இந்த நான்கும் எங்கே இருக்கின்றன? கிராமத்தில் இருக்கின்றன. சாப்பாட்டை வெட்டுவது என்றால் நெல் சேர்த்து வைக்கும் இடத்தை, நம் ஊர்ப் பக்கம் குதிர் என்று சொல்வோமே, அதை எரிப்பது. பணத்தை வெட்டுவது என்றால் மாட்டைச் சுடுவது. தகவலை வெட்டுவது என்றால் செல்போன் கோபுரத்தை நிறுத்துவது. ஆளை வெட்டுவது என்றால் ஊரில் இருக்கும் இளவட்டங்களைப் பிடித்துக்கொண்டு போவது.

அப்போது ஐராவதி டெல்டாவிலும் பேகு மலைத்தொடரிலும் செய்ததை, பிறகு கரேன், ஷான், கச்சின் பகுதிகளில் பல ஆண்டுகள் செய்தார்கள். 2017-இல் ராக்கைனில் ரோஹிங்யா என்கிற முஸ்லிம் சிறுபான்மை மக்களின் கிராமங்கள் எரிந்தபோது ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2021-க்குப் பிறகு அதே கை சகாயிங், மாக்வே, சின், காயா பகுதிகளுக்கு வந்தது. அந்த நாட்டில் சிறுபான்மை மக்கள் பல்லைக் கடித்துத் தாங்கியதைப் பெரும்பான்மை மக்கள் முதல்முறையாகத் தங்கள் வாசலில் பார்த்தார்கள். "அன்றைக்கு நாங்கள் நம்பவில்லை, மன்னித்துவிடுங்கள்" என்று பர்மிய இளைஞர்கள் பலர் ரோஹிங்யாக்களிடம் வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார்கள். இந்த முழுக் கதையிலும் என் மனதில் ஆழமாகத் தங்கியது அதுதான்.

நடைமுறையில் எப்படி நடக்கும் தெரியுமா? ராணுவ அணி ஒன்று புறப்பட்டுவிட்டது என்று பக்கத்து ஊரிலிருந்து தகவல் வரும். ஊரே அரிசியையும் கிழவர்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகும். நடக்க முடியாதவர்கள் தங்கிவிடுவார்கள். அப்படித் தங்கியவர்கள் எரிந்த வீட்டுக்குள் கிடந்த செய்திகள் நிறைய. அணி போன பிறகு திரும்பி வந்தால் வாசலில் கண்ணிவெடி இருக்கலாம். 2023-இல் உலகத்திலேயே கண்ணிவெடியால் அதிகம் பேர் செத்ததும் காயம்பட்டதும் பர்மாவில்தான், ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கும் மேல். எரிந்த வீடுகளைச் செயற்கைக்கோள் படங்களையும் உள்ளூர்த் தகவலையும் வைத்து எண்ணியவர்களின் கணக்கு 2024-க்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும் பங்கு சகாயிங்கினுடையது.

கொலைக்கு முன்னால் மிரட்டல் எப்படி நடக்கும்?

காகிதத்தில் தொடங்கும். வீட்டில் வெளியாள் இரவு தங்கினால் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே பழைய சட்டம் ஒன்று இருந்தது. சூ கி அரசு 2016-இல் அதை எடுத்துவிட்டது. ராணுவம் ஆட்சிக்கு வந்த இரண்டே வாரத்தில் அது திரும்ப வந்தது. "விருந்தாளி இருக்கிறாரா பார்க்கணும்" என்று நள்ளிரவில் கதவைத் தட்ட அது போதும். அதே வாரம் தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பயத்தைப் பரப்பினார், பொய்ச் செய்தி பரப்பினார் என்று மூன்று ஆண்டு வரை உள்ளே தள்ளலாம். ஃபேஸ்புக்கில் ஒரு வரி எழுதியவர்கள்கூட அதில் மாட்டினார்கள்.

தேடும் ஆள் கிடைக்காவிட்டால் அவருடைய அம்மாவை, அண்ணனை, சின்னக் குழந்தையைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு சீல் வைப்பார்கள். டெலிகிராமில் ராணுவ ஆதரவு ஆட்கள் ஒருவருடைய படம், தெருப் பெயர், எங்கே வேலை செய்கிறார் என்பதையெல்லாம் போடுவார்கள். சில மணி நேரத்தில் வண்டி வந்து நிற்கும். சோதனைச் சாவடியில் செல்போனை வாங்கிப் பார்ப்பது சாதாரணம்.

கிராமத்தில் இன்னொன்று சேர்கிறது: ப்யூ சோ ட்டீ. ராணுவம் ஆயுதம் கொடுத்து வளர்க்கும் ஊர்க்காவல் கும்பல்கள் இவை. நகரத்தில் உங்களைப் பிடிக்க வருபவன் யாரென்று உங்களுக்குத் தெரியாது. கிராமத்தில் அவன் உங்களோடு பள்ளிக்கூடம் போனவன். உங்கள் வயல் எது, உங்கள் தங்கை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

இதையெல்லாம் தடுக்கப் போலீஸ் இல்லையா?

2008-இல் ராணுவமே எழுதிக்கொண்ட அரசியல் சட்டப்படி பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சர்களையும் தளபதிதான் நியமிப்பார். போலீஸ் உள்துறைக்குக் கீழே. நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் சீருடை போட்டவர்களுக்கு. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும். கணக்கு உங்களுக்கே புரியும்.

பெரிய சம்பவங்கள் எவை? வாட்ஸ்அப்பில் வருவதில் எது உண்மை என்றே தெரியவில்லை.

சாட்சிகளும் படங்களும் வைத்துப் பல தரப்பு சரிபார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன். 2021 ஜூலையில் சகாயிங்கின் கனி பகுதியில் நான்கு இடங்களில் குறைந்தது 40 பேர், பெரும்பாலும் ஆண்கள், சித்திரவதைக் காயங்களோடு காட்டில் கிடந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 7-இல் டோன் டோ கிராமத்தில் 11 பேர் எரிந்த உடல்களாகக் கிடைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காயா மாநிலத்தின் மோ சோ கிராமத்துக்குப் பக்கத்தில் 35-க்கும் மேற்பட்டவர்கள் வண்டிகளோடு எரிக்கப்பட்டார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த குழந்தைகள் நல ஊழியர்கள் இருவரும் அதில் இருந்தார்கள். 2022 செப்டம்பர் 16-இல் லெட் யெட் கோன் ஊரில் புத்த மடத்து வளாகப் பள்ளியை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதில் குறைந்தது 11 குழந்தைகள். 2023 ஏப்ரல் 11-இல் பாசிஜி கிராமத்தில், ராணுவ ஆட்சியை ஏற்காதவர்கள் அமைத்த எதிர்ப்பு அரசின் உள்ளூர் அலுவலகத் திறப்பு விழா நடந்தபோது விமானம் குண்டு போட்டது. 160-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விழா என்றால் ஊர் முழுக்கச் சாப்பாட்டுக்கு வந்திருந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பொறுத்தவரை ஊர்ப் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம். ஒரு பழைய படம் பொய்யென்று நிரூபணமானால், நூறு உண்மையான படங்களையும் பொய் என்று சொல்ல ராணுவத்துக்கு வழி கிடைக்கும்.

எதிர்த்துச் சண்டை போடுபவர்கள் மட்டும் யோக்கியமா?

நியாயமான கேள்விதான். மக்கள் பாதுகாப்புப் படை என்று பெயர் வைத்துக்கொண்ட குழுக்களில் சில, "காட்டிக் கொடுத்தவர்" என்று சந்தேகப்பட்டவர்களை விசாரணை இல்லாமல் கொன்றிருக்கின்றன. வார்டு அதிகாரிகள் பலர் அப்படிச் செத்தார்கள். தவறு தவறுதான், அதை மூடி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் சின் மலைகளில் வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியோடு தொடங்கியவர்களையும், போர் விமானம் வைத்திருக்கும் ராணுவத்தையும் ஒரே தராசில் வைத்து "இரண்டு பக்கமும் தப்பு" என்று முடித்துவிட்டால், எரிந்த ஊருக்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

பர்மாக்காரர்களுக்கு நம் ஆட்கள் மேலும் கோபம் இருந்ததாமே?

இருந்தது, காரணமும் இருந்தது. செட்டியார் வட்டிக் கடைகள் டெல்டாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தன. 1930-இல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த நிலம் 1937-க்குள் 25 சதவீதமானது. அதே 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். பிரிட்டிஷார் படையை இறக்கி நசுக்கி, அடுத்த ஆண்டு அவரைத் தூக்கில் போட்டார்கள். அந்த ஊர் விவசாயி துப்பாக்கிக்கு முன்னால் நின்ற அந்த வருஷங்களின் கதையில் நம் பெயரும் எழுதியிருக்கிறது. அங்கே கூலிக்குப் போன, மூட்டை சுமந்த பெரும்பாலான தமிழர்களுக்கும் அந்த நிலத்துக்கும் தொடர்பில்லை. அடி மட்டும் அவர்களுக்கும் சேர்ந்தே விழுந்தது.

இந்தியா என்ன செய்கிறது?

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதம் வெளியிட்ட கணக்கில், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பர்மிய ராணுவத்துக்குப் போன ஆயுதமும் தளவாடமும் குறைந்தது 100 கோடி டாலர். அதிகம் அனுப்பியது ரஷ்யா, அடுத்து சீனா. இந்தியாவிலிருந்து போனது சுமார் 5.1 கோடி டாலர், அதில் அரசு நிறுவனங்களின் சரக்கும் உண்டு.

இன்னொன்று நம் வாசலுக்கே வரும். மீனவர்கள் விரிவாக்கத்தை எதிர்த்து நிற்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை நடத்தும் அதே அதானி குழுமம், ரங்கூனில் ராணுவ நிறுவனத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு துறைமுகம் கட்டியது. எதிர்ப்பும் அமெரிக்கத் தடையும் வந்த பிறகு, 2023 மே மாதம் 3 கோடி டாலருக்கு அதை விற்றுவிட்டு வெளியேறியது.

அடைக்கலம் தேடி வந்தவர்கள் விஷயத்தில் மிசோரம் மக்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். 2021 மார்ச்சில் மத்திய உள்துறை எல்லை மாநிலங்களுக்கு, வருபவர்களைத் தடுக்கச் சொல்லி எழுதியது. மிசோரம் முதல்வர், சின் மக்கள் எங்கள் ரத்த உறவு, அலட்சியமாக இருக்க முடியாது என்று பிரதமருக்குப் பதில் எழுதினார். 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்ச்சும் ஊர்க்காரர்களும் இடம் கொடுத்தார்கள். இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம், எல்லை தாண்டி வந்த ஏழு பேரை டெல்லியில் இருக்கும் ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்குப் போக அனுமதித்தது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்றது.

உலகக் கோர்ட்டு எதுவும் செய்யாதா?

மெதுவாக நடக்கிறது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத் தொடுநர் மின் ஆங் லைங்குக்குக் கைது வாரண்ட் கேட்டார். 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினா நீதிமன்றம் ஒன்று வாரண்ட் பிறப்பித்தது. இரண்டும் ரோஹிங்யா வழக்கில். சகாயிங் கிராமங்களுக்கான சாட்சியங்களை ஐ.நா. அமைத்த விசாரணை அமைப்பு சேகரித்து வைக்கிறது.

எங்கள் சித்தி பேகு பக்கம் இருக்கிறார். போனில் என்ன பேசலாம்?

உடம்பு, சாப்பாடு, விலைவாசி, பிள்ளைகள். அவ்வளவுதான். "அங்கே சண்டையா, யார் பக்கம் ஜெயிக்கிறது" என்று கேட்காதீர்கள். பதில் சொல்லாவிட்டால் உங்களுக்கு வருத்தம், சொன்னால் அவருக்கு ஆபத்து. செய்திப் படமோ வீடியோவோ அவர் நம்பருக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் அனுப்பியது அவர் போனில் இருக்கும், சாவடியில் பார்ப்பவனுக்கு அனுப்பியது யார் என்ற கவலை இல்லை. எதிர்ப்புக் குழுவுக்கு உதவிப் பணத்தை அவர் கணக்கு வழியாக அனுப்பவே கூடாது. செல்போன் பணக் கணக்குகளை முடக்கி, பயங்கரவாதத்துக்குப் பணம் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. சித்திக்கு அந்த வயதில் மகன் இருந்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று போனில் கேட்கவே கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா இப்போதெல்லாம் "தம்பி சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்கிறார். "சாப்பிட்டான்" என்று வந்தால் போனை வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்.